தும்பிக்கை ஐகாரமும் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலும்



என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நான் திரும்பப் பெற்றுக்கொண்ட செய்தி உங்களுள் சிலருக்குத் தெரிந்திருக்கும். காரணம் கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். தனித்தனியே விடை எழுத இயலவில்லை. ஆகவே அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது. பழைய அச்சு நூல்களை வருடி வீட்டிலேயே மின்னூல் செய்வோரும், அப்படி உருவான பனுவல்களைக் கொண்டு சொற்களை எண்ணி ஆய்வுரை எழுதும் மாணவர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருந்தால் போதும்.

என் வீடு காட்டாக்கடைக்கு அருகில் இருக்கிறது. இன்று அது தனி வட்டம். நான் சிறுவயதில் இருந்தபோது நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பேசத் தெரியும், எழுதத் தெரியாது. எனக்குத் தமிழ் எழுத்துகளை முறையாகக் கற்பித்தவர் பாறசாலைப் பக்கத்து அரசுப் பள்ளியொன்றில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சார் ஒருவர். விடுமுறை நாள்களில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதிப் பழகியவள் நான். இன்றைக்கு ஆய்வு மாணவி என்று என்னை அழைத்துக்கொள்வதற்கு அந்தத் திண்ணைதான் காரணம்.

சாருக்கு இப்போது எண்பதைக் கடந்த வயது. கண்பார்வை மிகவும் மங்கிவிட்டது. அச்சுப் புத்தகத்தை வெயிலில் பிடித்தாலும் எழுத்து தெரிவதில்லை. ஆனால் டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால், ஒரு திரைக்கு ஏழெட்டு வரியாக, மெல்ல மெல்லப் படித்துவிடுகிறார். அவருடைய தகரப் பெட்டியில் 1950களில் சென்னையில் அச்சான சிறுகதைத் தொகுதி ஒன்று இருந்தது. அவர் மாணவராக இருந்த காலத்தில் பரிசாகப் பெற்றது. அதைத்தான் மறுபடியும் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டமையால் பதிப்புரிமைத் தடையும் இல்லை. புத்தகத்தை வாங்கிவந்து, கைப்பேசியால் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, கூகுளின் எழுத்துணரியில் ஏற்றி, கிடைத்த பனுவலைச் சீர்செய்து, ஈபப் கோப்பாக்கி அவர் கையில் கொடுத்தேன். இரண்டு முறை மெய்ப்புப் பார்த்தேன் என்பதையும் சொல்லவேண்டும். கொடுத்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பதினைந்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்கச் சென்றேன். காப்பி வந்தது, வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தார். பிறகு டேப்லெட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மக்களே, இந்த அஞ்சாவது கதையில ஆரு ஆரெ கூட்டிட்டு வந்தது?"

கதை இதுதான். மனைவியையும் மகனையும் விட்டுப் போன ஒருவன் முதுமையில் வேறோர் ஊரில் நோயுற்றுக் கிடக்கிறான். மகன் செய்தி அறிந்து, தேடிச் சென்று, அவனை வீட்டுக்கு அழைத்து வருகிறான். கதையின் உயிரே அந்த ஒரு செயலில்தான் இருக்கிறது. என் மின்னூலில் 'தகப்பனை அழைத்து வந்தான்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'தகப்பனே அழைத்து வந்தான்' என்று இருந்தது. ஓர் எழுத்து மாறியதில் அழைத்து வந்தவன் மகன் அல்லன், தகப்பன் என்றாகிவிட்டது. அடுத்த பத்தியிலும் அதே பிழை. மூன்றாவது இடத்திலும் அதுவே. பிழைகள் மூன்றும் ஒன்றுக்கொன்று சான்றாக நின்று, கதையைத் தலைகீழாக்கிவிட்டிருந்தன.

சார் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கதையை மகன் போய் அழைத்து வந்த கதையாகவே நினைவில் வைத்திருந்தவர். வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மின்னூலில் வேறாகக் கண்டதும் அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை; தம்மையே சந்தேகித்தார். பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார், எழுத்து தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை படிப்பது மலையாளத்தில், தமிழ் எழுத்து தெரியாது. தொலைபேசியில் என்னைக் கேட்கக் கூச்சம். ஆக, பதினைந்து நாளும் அவர் அந்த ஐயத்தோடேயே இருந்திருக்கிறார்.

நான் அச்சுப் பிரதியைப் பிரித்து அந்த வரியை வாசித்துக் காட்டினேன். சிறிதுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "எனக்க ஓர்மை போச்சுன்னு நெனச்சேன் மக்களே."

அன்று பேருந்தில் திரும்பும்போது அந்த ஒரு வரியைத் தவிர வேறொன்றும் என் மனத்தில் இல்லை. ஓர் எழுத்தை ஒழுங்காகப் பார்க்காததனால் ஒரு முதியவர் தம் நினைவாற்றல் அழிந்துவிட்டதென்று பதினைந்து நாள் அஞ்சியிருக்கிறார். மூன்றாம் இயலைப் பற்றிய அச்சம் அதற்கும் பிறகுதான், நெய்யாற்றின்கரையைத் தாண்டிய பிறகுதான், வந்தது.

மூன்றாம் இயலில் நான் ஆராய்ந்தது ஏகார இடைச்சொல். தொல்காப்பியம் அதற்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள்களைக் கூறுகிறது. நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்குகிறது. இருபதாம் நூற்றாண்டு உரைநடையில் ஏகாரத்தின் ஆட்சி எவ்வாறு மாறியது என்பது என் கேள்வி. இணையத்தில் கிடைக்கும் எழுத்துணரிப் பனுவல்களோடு நானே வருடியவற்றையும் சேர்த்து நாற்பதுக்கும் மேற்பட்ட நூல்களைக் கொண்ட ஒரு தொகுப்பு செய்தேன். கணினியைக் கொண்டு எண்ணினேன். 1980க்கு முன் அச்சானவற்றில் ஏகாரம் பிற்கால நூல்களில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. வரைபடத்தில் பார்த்தால் மலைச்சரிவுபோல் இறங்கியது. மேடைப் பேச்சின் செல்வாக்குக் குறைந்ததும் நாளிதழ் நடை பரவியதும் இதற்குக் காரணங்கள் என்று எழுதினேன். கருத்தரங்கில் வாசித்தபோது பாராட்டும் கிடைத்தது.

அன்றிரவு தொகுப்பைத் திறந்து ஒரே ஒரு சோதனை செய்தேன். ஏகார ஈறு பெற்ற சொற்களை, அந்த ஏகாரம் ஏறியிருக்கும் மெய்யெழுத்தின்படி வகைப்படுத்தினேன். க, த, ம, ய, ர, வ ஆகியவற்றின்மேல் ஏறிய ஏகாரத்தில் பழைய நூலுக்கும் புதிய நூலுக்கும் சொல்லத்தக்க வேறுபாடே இல்லை. வீக்கம் முழுவதும் நான்கே எழுத்துகளில் இருந்தது: ண, ல, ள, ன. ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் அனைவரும் கூடிப் பேசி, இந்த நான்கு எழுத்துகளுக்குப் பின் மட்டும் அழுத்தம் கொடுத்து எழுதுவோம் என்று முடிவெடுத்திருக்க முடியாதல்லவா?

அந்த நான்கு எழுத்துகள் எவை என்பது முதியவர்களுக்கு உடனே விளங்கும். பழைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் இன்றுபோல் தனி ஐகாரக் குறி பெற்று எழுதப்படவில்லை. எழுத்தின் முன்னால் யானைத் தும்பிக்கைபோல் வளைந்து நிற்கும் ஒரு சுழி அதனோடு ஒட்டியே இருக்கும். அதேபோல் ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனியே நில்லாமல் எழுத்தோடு கொக்கிபோல் சேர்ந்திருக்கும். அவற்றின் ஒகர, ஓகார வரிசையிலும் அவ்வாறே. பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களை அடியொற்றி, 1978 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு இந்தப் பதின்மூன்று எழுத்துகளையும் மாற்றி ஆணை பிறப்பித்தது. அதற்குப் பின் வந்த அச்சில் தும்பிக்கை மறைந்தது. அதற்கு முன் 1971இல் கேரளத்தில் மலையாள எழுத்துக்கும் இதையொத்த ஒரு சீர்திருத்தம் நடந்தது. தட்டச்சுப் பொறிக்காகக் கூட்டெழுத்துகள் பல பிரிக்கப்பட்டன. எல்லையின் இரு பக்கமும் ஏழாண்டு இடைவெளியில் எழுத்து மாறியது என்று சார் சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்னை ஆணை எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு வந்து சேர நாளாயிற்று என்றும், தாம் கரும்பலகையில் நெடுநாள் தும்பிக்கையோடேயே எழுதிவந்ததாகவும் சொல்வார்.

எழுத்துணரி பெரும்பாலும் புதிய வடிவங்களைக் கொண்டு பழக்கப்பட்டது. தும்பிக்கைச் சுழியை அது ஏகாரத்தின் கொம்பாகக் கொள்கிறது. 'அவனை' 'அவனே' ஆகிறது. 'வேலை' 'வேலே' ஆகிறது. 'இல்லை' 'இல்லே' ஆகிறது. கொக்கிக் காலையோ உகரமாகவோ ஞகரமாகவோ படிக்கிறது. 'என்றால்' 'என்ருல்' ஆவதையும், 'ஆனால்' 'ஆனுல்' ஆவதையும், 'சொன்னார்' 'சொன்ஞர்' ஆவதையும் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்தவர்கள் நாள்தோறும் கண்டிருப்பார்கள்.

'என்ருல்' போன்ற பிழையால் பெருங்கேடு இல்லை. அது சொல்லே அன்று, கண்ணில் குத்தும், சொல்திருத்தியும் பிடித்துவிடும். 'அவனே' அப்படியன்று. அது பிழையற்ற தமிழ்ச் சொல். சொல்திருத்தி அதைத் தொடாது. இரண்டாம் வேற்றுமையின் செயப்படுபொருள் எழுவாயாகிவிடும். வென்றவனும் தோற்றவனும் இடம் மாறுவார்கள். வாக்கியமோ இலக்கணப்படி நிமிர்ந்து நிற்கும். சரியான சொல்லின் தோற்றத்தில் வரும் பிழைதான் ஆய்வாளனுக்கு மிகப் பெரிய பகை.

இவ்வளவு வெளிப்படையான பிழையை இரண்டு மெய்ப்பிலும் நான் எப்படித் தவறவிட்டேன் என்று பல நாள் யோசித்தேன். விடை என் காதில் இருந்தது. மலையாளத்தில் இரண்டாம் வேற்றுமை உருபு எகரம். தமிழில் 'அவனைக் கண்டேன்' என்பதை மலையாளத்தில் 'அவனெ கண்டு' என்போம். எங்கள் ஊர்த் தமிழிலும் வாய்ப்பேச்சில் அப்படித்தான்: சார் கேட்டதும் 'ஆரு ஆரெ' என்றுதானே? பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு மலையாளம் படித்த என் கண், 'தகப்பனே அழைத்து வந்தான்' என்பதைக் கண்டதும் அது செயப்படுபொருள் என்று தானாகவே கொண்டு, பொருள் பொருந்திவிட்டதென்று அடுத்த வரிக்குப் போய்விட்டது. எல்லையோரத்துக்காரி என்பது எனக்கு இரண்டு மொழியைக் கொடுத்தது. இந்த ஓரிடத்தில் அதுவே என் கண்ணை மறைத்துவிட்டது. தமிழை மட்டுமே படித்த ஒருவர் பார்த்திருந்தால் முதல் பக்கத்திலேயே நின்றிருப்பார். ஒருவரே இருமுறை பார்ப்பதும் இருவர் ஒருமுறை பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை அன்று உணர்ந்தேன்.

உறுதி செய்துகொள்ள இன்னொரு சோதனையும் செய்தேன். ஒரே நூலின் 1950களின் அச்சையும் 1990களின் மறுபதிப்பையும் எடுத்து, இரண்டையும் எழுத்துணரியில் ஏற்றி எண்ணினேன். பழைய அச்சில் ஏகாரம் மிகுதி, மறுபதிப்பில் குறைவு. மறைந்துவிட்ட ஆசிரியர் இடைக்காலத்தில் தம் நடையை மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆக, நான் வரைபடத்தில் கண்ட சரிவு உரைநடையின் வரலாறு அன்று, அச்செழுத்தின் வரலாறு.

இத்தகைய விபத்து தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பது எனக்குச் சிறிது ஆறுதல். பழைய ஆங்கில அச்சில் எஸ் என்னும் எழுத்துக்கு நீண்ட வடிவம் ஒன்று இருந்தது. பார்வைக்கு அது எஃப் போலவே இருக்கும். 2010இல் கூகுள் தன் நூல்தொகுப்பின் சொல்வரைபடக் கருவியை வெளியிட்டபோது, 'பெஸ்ட்' என்னும் சொல் 1800க்கு முன் அருகியும் அதன்பின் திடீரென்று பெருகியும் காணப்பட்டது. உண்மையில் பழைய நூல்களில் எல்லாம் அது 'பெஃப்ட்' என்று பதிவாகியிருந்தது. அச்சகங்கள் நீண்ட எஸ்ஸைக் கைவிட்ட காலம்தான் வரைபடத்தில் சொல்லின் எழுச்சியாகத் தெரிந்தது.

நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. ஓலைச்சுவடியில் புள்ளி இடுவது அரிது. எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே வடிவம். எகரம், ஏகாரம் என இன்று நாம் காணும் வேறுபாடே பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தின் பயன். சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையையும், அதே ஆண்டில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றியபோது, ஒவ்வொரு கொம்பும் குறிலா நெடிலா என்பதைப் பொருளறிந்தே முடிவு செய்யவேண்டியிருந்தது. அவர்கள் ஐயப்பட்ட இடத்தில் பல பிரதிகளை ஒப்பிட்டார்கள். வேறுபாட்டைக் குறித்தும் வைத்தார்கள். எங்கள் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராகவும் பின்னர்ப் பேராசிரியராகவும் இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தியதும் இந்த ஒழுக்கத்தையே. அவருடைய கட்டுரைகளும் என் தொகுப்பில் இருந்தன. மூலபாடம் பார்க்காமல் எண்ணாதே என்று சொன்னவரின் எழுத்தையே மூலபாடம் பார்க்காமல் எண்ணியிருக்கிறேன்.

தமிழ் மின்னூலாக்கத்தின் தொடக்கத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருங்கிணைக்க, மதுரைத் திட்டம் தொடங்கியபோது தமிழுக்குப் பயன்படத்தக்க எழுத்துணரி கிடையாது. பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் நூல்களைக் கையால் தட்டச்சு செய்தார்கள். வேறொருவர் மெய்ப்புப் பார்த்தார். தட்டச்சு செய்பவர் தும்பிக்கையைக் கண்டால் ஐகாரம் என்று அறிவார். 2015ஐ ஒட்டி கூகுளின் தமிழ் எழுத்துணரி பரவியபின் வேகம் பெருகியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியே வந்த நாட்டுடைமை நூல்களின் வருடிய கோப்புகள் 2,000க்கும் மேற்பட்டவை விக்கிமூலத்தில் ஏறின; த. சீனிவாசன் எழுதிய நிரலால் அவற்றின் பக்கங்கள் தொகுதி தொகுதியாக எழுத்துகளாயின. இது பெருங்கொடை, ஐயமில்லை. ஆனால் அது மெய்ப்புப் பார்க்கப்படவேண்டிய மூலப்பொருள் என்பதை அங்குள்ளவர்கள் மறைக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறம் உண்டு: சிவப்பென்றால் எவரும் பார்க்காதது, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்தது, பச்சை என்றால் இரண்டாமவரும் சரிபார்த்தது. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க இயலாது. நான் சிவப்புப் பக்கங்களை அள்ளி எடுத்து வந்து, பச்சைப் பக்கங்களைப்போல் நடத்தினேன். தவறு முழுவதும் என்னுடையது.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எழுத்து சரியாக இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். ஒரு பக்கத்தில் 1,500 எழுத்து என்று கொண்டால், பக்கத்துக்கு 15 பிழை. 200 பக்க நூலில் 3,000 பிழை. அவை சிதறிக் கிடந்தால் எண்ணிக்கை ஆய்வு ஓரளவு தாங்கும். ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே வகையாகத் திரண்டு நின்றால் தாங்காது.

மொத்தமாக மாற்றிவிடலாமே என்றும் தோன்றும். நானும் முயன்றேன். 'லே' வரும் இடமெல்லாம் 'லை' என்று மாற்றினால் 'வேலே' சரியாகும். 'வீட்டிலே' 'வீட்டிலை' ஆகிவிடும், 'மேலே' 'மேலை' ஆகிவிடும். 'ஞர்' என்பதை 'னார்' என்று மாற்றியபோது 'சொன்ஞர்' சரியாயிற்று; 'கவிஞர்' எல்லாரும் 'கவினார்' ஆனார்கள். 'என்ருல்', 'ஆனுல்' போல வேறு பொருளே இல்லாத சில வடிவங்களை மட்டும் கணினியிடம் விடலாம். ஐகார, ஏகார ஐயத்தைப் பக்கப் படத்தை அருகில் வைத்துக்கொண்டு மனிதர்தாம் தீர்க்கவேண்டும்.

மின்னூல் கட்டமைப்பிலும் இதுபோன்ற கண்ணிகள் உண்டு. பழைய தமிழ் அச்சில் வரி முடிவில் சொல்லை இணைப்புக்குறி இல்லாமலே உடைத்துவிடுவார்கள். எழுத்துணரி இரண்டு துண்டையும் இரண்டு சொல்லாக எண்ணும். ஒவ்வொரு பக்கத் தலையிலும் உள்ள நூற்பெயர் பத்தியின் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். ௧ என்னும் எண் க ஆகும். ௨ உ ஆகும். ௭ எ ஆகும். ௮ அ ஆகும். ஔகாரக் குறியின் வலப்பாதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றே; ஒருங்குறியில் இரண்டும் வேறு. 'கௌரவம்' என்று தேடினால், கொம்பும் ளகரமுமாகத் தட்டப்பட்ட சொல் அகப்படாது. திரையில் அழகாகத் தெரிகிறதே என்று நம்பிவிடக்கூடாது.

வழிகாட்டியிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "கருத்தரங்கில் கேட்டவர்களுக்குத் தெரிவித்துவிட்டாயா?" என்று மட்டும் கேட்டார். தெரிவிக்கவில்லை. அதற்குள் ஒரு மாணவி தம் கட்டுரையில் என் முடிவை மேற்கோளாக எடுத்திருந்தார். அவருக்கு எழுதியதுதான் எனக்கு மிகக் கடினமான கடிதம். அவர் பெருந்தன்மையோடு நன்றி கூறிப் பதில் எழுதினார். தம் கட்டுரையில் அந்தப் பத்தியை நீக்கிவிட்டார். கருத்தரங்கை நடத்தியவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். இந்தப் பதிவும் அந்தக் கடமையின் ஒரு பகுதி.

இனி எவரேனும் எழுத்துணரிப் பனுவலைக் கொண்டு ஆய்வு செய்வதானால், மூன்று வேண்டுகோள். முதலாவது, ஒவ்வொரு நூலும் எந்த ஆண்டு அச்சு என்பதைக் குறித்து, 1978ஐ ஒட்டிய எழுத்து மாற்றம் உங்கள் முடிவில் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, முடிவெழுதும் முன் சில பக்கங்களையாவது கண்மூடித் தேர்ந்தெடுத்து, படத்தோடு ஒப்பிட்டு, பிழை எவ்வகை என்று கையால் எண்ணுங்கள். மூன்றாவது, அப்படிப் பார்த்த பக்கங்களை விக்கிமூலத்தில் திருத்தி மஞ்சளாக்கிவிட்டு வாருங்கள். அடுத்து வருபவர் பச்சையாக்குவார்.

சாரின் புத்தகத்தை இப்போது புதிதாகத் தொடங்கியிருக்கிறோம். பழைய அச்சகங்களில் ஒருவர் படிக்க ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பார்களே, அந்த முறைதான். சனிக்கிழமைதோறும் நான் திருத்திய பனுவலை உரக்க வாசிக்கிறேன். சார் கண்ணை மூடிக் கேட்கிறார். எங்காவது வாக்கியம் நெருடினால் கையை உயர்த்துகிறார். அச்சுப் பிரதியைப் பிரித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் அவர் சொல்வதே சரியாக இருக்கிறது. நான் 'அவனெ' என்று வாசித்துவிட்டால் உடனே, "எழுத்தைப் பார்த்து வாசி மக்களே, ஊரைப் பார்த்து வாசிக்காத" என்பார்.

சென்ற வாரம் ஓரிடத்தில் அச்சிலேயே பிழை என்று அவர் உறுதியாகச் சொன்னார். அச்சில் 'வெள்ளை', கதைப்போக்குக்கு 'வெள்ளம்' என்பதே பொருந்தும். எனக்கும் அவ்வாறே தோன்றியது. ஆயினும் நாங்கள் அதை மாற்றவில்லை. அச்சில் உள்ளபடியே விட்டு, எங்கள் ஐயத்தை நூலின் இறுதியில் குறித்தோம். அந்த இறுதிப் பக்கத்தில் எந்த அச்சைப் பார்த்தோம், எந்தப் பக்கங்கள் மங்கலாக இருந்தன, எவற்றில் ஐயம் நீங்கவில்லை என்பவையெல்லாம் இருக்கும். ஒப்பிட்டவர் என்று அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "கேட்டவர் ஒருவர்னு போடு, போதும்."

இன்னும் இரண்டு கதைகள் மீதமிருக்கின்றன. ஐந்தாவது கதையைத்தான் முதலில் முடித்தோம். அதை வாசித்து முடித்தபோது, மகன் தகப்பனை அழைத்து வந்த இடத்தில், சார் கையை உயர்த்தவில்லை.